மேரி கோம்: ஒரு குத்துச்சண்டை வீராங்கனையின் வாழ்க்கைப் பாடம்

(குடும்பத்துடன் வாசிக்க. பெரியவர்கள் வாசித்துக் காட்டலாம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளைகள் பத்தி பத்தியாகத் தாமே வாசிக்கலாம். இறுதியில் சொற்பொருளும் வினாக்களும் உள்ளன.)

முன்னுரை

வெற்றி பெற்றவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் பதக்கங்களை எண்ணிக் காட்டுகிறோம். பதக்கம் கழுத்தில் ஏறுவதற்கு முன்னால் அந்த மனிதர் எத்தனை வாசல்களில் நின்று இடம் கேட்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இடம் கேட்டு நிற்பது என்றால் என்னவென்று தெரியும். வாடகை வீட்டு வாசலிலும், பள்ளிச் சேர்க்கை வரிசையிலும், புதிய மொழி பேசும் அலுவலகத்திலும் அதை நாம் பழகியிருக்கிறோம்.

அப்படி இடம் கேட்டுக் கேட்டே உலகின் உச்சிக்குப் போன ஒரு பெண்மணியைப் பற்றியது இக்கட்டுரை. அவர் மணிப்பூரைச் சேர்ந்த குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம். உலகக் குத்துச்சண்டைப் போட்டிகளில் ஆறு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் என எட்டுப் பதக்கங்கள் வென்றவர். பெண்களுக்கான உலகப் போட்டியில் ஆறு தங்கம் வென்ற முதல் வீராங்கனை அவரே.

குத்துச்சண்டையும் நம்மவரும்

குத்துச்சண்டை தமிழருக்குப் புதிதல்ல. வடசென்னையில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் வாழும் பகுதிகளில் இவ்விளையாட்டு பல தலைமுறைகளாக வேரூன்றி இருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குழுக்களாகப் பிரிந்து மோதினார்கள். 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அந்தக் காலத்தை இன்றைய பிள்ளைகளுக்கும் காட்டிற்று. உலகப் புகழ் பெற்ற முகமது அலி 1980-இல் சென்னைக்கே வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார்.

ஒலிம்பிக் வரைக்கும் சென்றவர்களின் பட்டியலிலும் நம் காதுக்குப் பழகிய பெயர்கள் உண்டு. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் முனுசாமி வேணு, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் கணபதி மனோகரன், ஐசக் அமல்தாஸ் ஆகியோர் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார்கள். நாம் வாழும் கர்நாடகத்திலும் குடகின் மாச்சையா அதே மாஸ்கோ அணியில் இருந்தார். தமிழகத்தின் தேவராஜன் 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்று, 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார்.

இந்தப் பெயர்களில் ஒன்றுகூடப் பெண்ணின் பெயர் இல்லை. மேடை ஏறியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கு அந்த மேடையில் இடம் உண்டா என்ற கேள்வியே பல காலம் எழவில்லை.

காங்கதேய் கிராமத்துப் பெண்

மணிப்பூரின் சுராசந்த்பூர் மாவட்டத்தில் காங்கதேய் என்ற சிற்றூரில் 1982-இல் பிறந்தவர் மேரி கோம். இயற்பெயர் மாங்தே சுங்நெய்ஜாங். கோம் என்பது அவர் பிறந்த பழங்குடியின் பெயர். மணிப்பூரிலேயே மிகச் சிறிய குடிகளில் ஒன்று. தந்தையார் தோன்பா கோம், தாயார் ஆகாம் கோம். வயல் வேலை செய்து பிழைத்த குடும்பம். மூத்த மகளான மேரி, பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் வயலிலும் வீட்டிலும் வேலை செய்தார். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டார்.

பள்ளியில் ஓட்டமும் ஈட்டி எறிதலும் அவருக்கு நன்றாக வந்தன. 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணிப்பூரின் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். 1982-க்குப் பிறகு, பதினாறு ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு அவ்விளையாட்டில் கிடைத்த ஆசியத் தங்கம் அது. அனாதை இல்லத்தில் வளர்ந்த அந்த இளைஞரின் வெற்றி மணிப்பூர் முழுவதும் பிள்ளைகளைக் குத்துச்சண்டைப் பக்கம் இழுத்தது. மேரியும் அவர்களில் ஒருவர். டிங்கோ சிங் 2021-இல் தம் 42-ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். அவர் மூட்டிய நெருப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது.

மேரி இம்பாலுக்குச் சென்று கோசானா மெய்தேய் என்பவரிடம் பயிற்சி தொடங்கினார். பின்னர் நர்ஜித் சிங் என்பவரிடமும் பயின்றார். ஏறக்குறைய ஐந்தடி இரண்டு அங்குல உயரமே உள்ள மெலிந்த பெண் அவர்.

நாளிதழில் வந்த படம்

மேரி குத்துச்சண்டை பழகுவது வீட்டுக்குத் தெரியாது. 2000-இல் மணிப்பூர் மாநிலப் போட்டியில் அவர் வென்றார். நாளிதழில் படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தந்தையார் செய்தியை அறிந்தார்.

அவர் கோபப்பட்டார், கோபத்துக்கு அடியில் அச்சம் இருந்தது. முகத்தில் அடிபட்டால் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கவலை அது. தாமே இளமையில் மல்யுத்தம் பழகியவர் என்பதால் அடியின் வலி அவருக்கு நன்கு தெரியும். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. நம் வீடுகளில் பூப்பந்து ஆடும் பெண்ணுக்கு வெயிலில் நிறம் கறுத்துவிடும் என்றும், நீச்சல் கற்கும் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்றும் நாம் சொல்லும் சொற்கள் அதே கவலையிலிருந்து பிறந்தவைதாமே?

மகள் உறுதியாக இருந்ததைக் கண்டு தந்தையார் மெல்ல மனம் மாறினார். மேரி முதன்முதலில் கேட்டுப் பெற்ற இடம், தம் சொந்த வீட்டில் கிடைத்த இந்த இடம்தான்.

சென்னையில் தங்கம், பெங்களூர் ரயிலில் திருட்டு

பெண்களுக்கான முதல் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி 2001 பிப்ரவரியில் நடந்தது. நடந்த இடம் நம் சென்னை. ஆண்களின் பரம்பரைகள் கோலோச்சிய அதே நகரில் மேரி கோம் தம் முதல் தேசியத் தங்கத்தை வென்றார் என்பது நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

பெங்களூருக்கும் அவர் வாழ்க்கையில் ஓர் இடம் உண்டு. ஆனால் அது இனிய செய்தி அல்ல. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அவர் பெங்களூருக்கு ரயிலில் வரும்போது பெட்டி திருட்டுப் போயிற்று. அக்காலத்தில் இம்பாலில் ரயில் நிலையமே கிடையாது. மலைப்பாதையில் பேருந்தில் வந்துதான் ரயில் ஏற வேண்டும். கௌகாத்தியிலிருந்து நம் ஊருக்கு ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர். மொழி தெரியாத ஊர்களின் வழியே, கையில் பணமும் அதிகம் இல்லாமல் வரும் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பெட்டி போனால் என்ன இருக்கும் என்பதை, தகரப் பெட்டியோடு இந்த நகருக்கு வந்து இறங்கிய நம் மூத்தவர்கள் உணர்வார்கள்.

டில்லியில் வடகிழக்கு மாணவர் அமைப்பின் தலைவராக இருந்த ஓன்லர் என்ற சட்ட மாணவர் அச்சமயத்தில் அவருக்கு உதவினார். வெளியூரில் தவிக்கும் தம் பகுதிப் பெண்ணுக்குக் கை கொடுப்பது சங்கத்தின் கடமை என்று அவர் நினைத்தார். ஊர்ச் சங்கம் என்பது எதற்காக என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை. அந்த நட்பு வளர்ந்து 2005-இல் திருமணத்தில் முடிந்தது.

உலகப் பட்டங்கள்

பெண்களுக்கான முதல் உலகக் குத்துச்சண்டைப் போட்டி 2001-இல் அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் நகரில் நடைபெற்றது. அங்கே இறுதிப் போட்டி வரை சென்று, துருக்கியின் ஹூல்யா சாஹினிடம் தோற்று வெள்ளி வென்றார் மேரி. தொடர்ந்து அவர் உலகப் போட்டிகளில் பெற்ற பதக்கங்களைப் பிள்ளைகள் ஒரு வரிசையாகப் பார்ப்பது நல்லது.

2001 – ஸ்க்ராண்டன், அமெரிக்கா – 48 கிலோ – வெள்ளி
2002 – அன்டால்யா, துருக்கி – 45 கிலோ – தங்கம்
2005 – பொடோல்ஸ்க், ரஷ்யா – 46 கிலோ – தங்கம்
2006 – புதுடில்லி – 46 கிலோ – தங்கம்
2008 – நிங்போ, சீனா – 46 கிலோ – தங்கம்
2010 – பிரிட்ஜ்டவுன், பார்படோஸ் – 48 கிலோ – தங்கம்
2018 – புதுடில்லி – 48 கிலோ – தங்கம்
2019 – உலான் உதே, ரஷ்யா – 51 கிலோ – வெண்கலம்

2006 புதுடில்லிப் போட்டியில் மேரியோடு சரிதா தேவி, ஜென்னி, கேரளத்தின் லேகா ஆகியோரும் தங்கம் வென்றார்கள். ஒரே போட்டியில் இந்தியப் பெண்களுக்கு நான்கு தங்கம்! ஆனால் அன்றைக்கு எத்தனை வீடுகளில் அதைப் பற்றிப் பேசினார்கள்? கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டங்களை ஒப்பிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இந்த நால்வரின் பெயர் தெரியாது. தெரியாதது பிள்ளைகளின் குற்றம் அன்று, நாம் சொல்லவில்லை.

தாயான பின்

2007 ஆகஸ்டில் மேரிக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தனர். அதோடு அவர் விளையாட்டு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். திருமணம் ஆனபோதே அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

பிள்ளை பெற்ற உடல் மறுபடியும் மேடைக்குத் தயாராவது எளிதல்ல. தசைகள் தளர்ந்திருக்கும், மூச்சு முன்போல் நிற்காது. ஓட்டம், கயிறு தாண்டுதல், மணல் மூட்டையில் குத்துதல் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கி 2008-இல் ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றார். அதே ஆண்டு நவம்பரில் நிங்போவில் நான்காவது உலகத் தங்கத்தையும் வென்றார். குழந்தைகளுக்கு அப்போது வயது ஒன்றரைகூட ஆகவில்லை.

அவர் பயிற்சி முகாமிலும் வெளிநாட்டிலும் இருந்த நாட்களில் குழந்தைகளைக் கணவர் ஓன்லர் பார்த்துக்கொண்டார். பால் புட்டியும் பள்ளிப் பையும் அவர் கையில் இருந்ததால்தான் மேரியின் கையில் கையுறை இருக்க முடிந்தது. பின்னாளில் இருவரும் 2023-இல் பிரிந்துவிட்டதாக 2025-இல் மேரி கோம் தரப்பில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அந்த ஆண்டுகளில் அந்த வீடு தாங்கிய சுமை பொய்யாகிவிடாது.

ஐந்து கிலோ என்னும் மலை

குத்துச்சண்டையில் எடைப்பிரிவு என்று ஒன்று உண்டு. ஒத்த எடை உள்ளவர்களே ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். கனமானவரின் குத்தில் வேகத்தோடு உடலின் பாரமும் சேர்ந்து வரும்; அதனால் இலேசானவருக்கு ஆபத்து. இந்த நியாயத்துக்காகவே எடைப்பிரிவுகள் ஏற்பட்டன. போட்டி நாளில் காலையில் எடை பார்ப்பார்கள். வரம்புக்குச் சற்று மேலே போனாலும் மேடை ஏற முடியாது.

பெண்கள் குத்துச்சண்டைக்கு ஒலிம்பிக்கில் இடமே இல்லாமல் இருந்தது. 2009 ஆகஸ்டில்தான் சர்வதேச ஒலிம்பிக் குழு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அதைச் சேர்க்க முடிவு செய்தது. ஆண்களுக்குப் பத்து எடைப்பிரிவுகள். பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75 கிலோ. 46 கிலோவிலும் 48 கிலோவிலும் உலகை வென்ற மேரிக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

வாசல் திறந்தது, ஆனால் அவர் உயரத்துக்கு அளந்து வைக்கவில்லை. ஆகவே அவர் எடை ஏற்றினார். 46 கிலோ உள்ளவர் 51 ஆவது என்றால் தம் உடலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவது. வெறும் சோற்றில் ஏறும் எடை காலைக் கட்டிப்போடும். தசையாக ஏற வேண்டும். வேகமும் குறையக் கூடாது. அதற்கு மேல், அந்தப் பிரிவின் இயல்பான வீராங்கனைகள் எல்லாரும் அவரைவிட உயரம், கை நீளம். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 51 கிலோவில் வெண்கலமே கிடைத்தது. விடாமல் உழைத்து 2012 மார்ச்சில் ஆசியப் போட்டியில் அதே பிரிவில் தங்கம் வென்றார். வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியதன் பொருள் இத்தகையவர்களைப் பார்க்கும்போது விளங்குகிறது.

லண்டன் 2012

2012 ஆகஸ்ட் 5-ஆம் நாள் முதல் போட்டி. எதிரே போலந்தின் கரோலினா மிகால்சுக். 54 கிலோவில் உலகப் பட்டம் வென்றிருந்தவர். மேரி 19-14 என்ற புள்ளிக் கணக்கில் வென்றார். அன்றுதான் அவர் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். மறுநாள் துனீசியாவின் மரூவா ரஹாலியை 15-6 என வென்றார். ஆகஸ்ட் 8-ஆம் நாள் அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 எனத் தோற்றார். ஆடம்ஸ் தங்கம் வென்றார். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியக் குத்துச்சண்டை வீராங்கனை ஆனார் மேரி.

இந்த இடத்தில் நம் பெங்களூரில் நடந்த ஒன்றையும் சொல்லாமல் போக முடியாது. நாடே மேரி கோமைக் கொண்டாடிய ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில், வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் நம் நகர ரயில் நிலையத்தில் திரண்டார்கள். அஸ்ஸாமில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, இங்கேயும் தாக்குதல் நடக்கப் போகிறது என்று கைப்பேசிக் குறுஞ்செய்திகளில் வதந்தி பரவியதே காரணம். கௌகாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. உணவு விடுதிகளிலும், அழகு நிலையங்களிலும், காவல் பணியிலும், கணிப்பொறி நிறுவனங்களிலும் வேலை பார்த்த இளைஞர்கள் மூட்டை முடிச்சோடு ஏறிப் போனார்கள். பின்னர் பலர் திரும்பினார்கள்.

1991 டிசம்பரின் காவிரிக் கலவர நாட்களை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வானொலிச் செய்தி கேட்ட இரவுகள் அவை. அடைக்கலம் தந்த கன்னட அண்டை வீட்டாரையும் நாம் மறக்கவில்லை. ஆகவே அந்த ரயில் நிலையக் கூட்டத்தின் அச்சம் நமக்குப் புரிய வேண்டும். ஒரு மக்களின் வெற்றியை மட்டும் நம்முடையது என்று சொல்லிக்கொண்டு, அம்மக்களை அந்நியராகப் பார்ப்பது நேர்மையாகாது. 2016-இல் மேரி கோம் தம் மகன்களுக்கு ஒரு நாளிதழ் வாயிலாகத் திறந்த மடல் எழுதினார். தமக்கு நேர்ந்த அவமதிப்புகளையும், வடகிழக்கு மக்களை முகத்தோற்றத்தை வைத்துக் கேலிப் பெயரால் அழைக்கும் வழக்கத்தையும் அதில் வெளிப்படையாகச் சொன்னார். உலக வெற்றியாளருக்கே அந்த நிலை என்றால் மற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் மீண்டும்

2013-இல் மூன்றாவது மகன் பிறந்தான். 2014-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில் 51 கிலோவில் தங்கம். அப்போட்டிகளில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெறவில்லை. முப்பத்து மூன்று வயது. இத்துடன் போதும் என்று பலர் சொன்னார்கள். 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் காமன்வெல்த் தங்கம் வென்று அவர் பதில் சொன்னார்.

அதே ஆண்டு செப்டம்பரில் போலந்தில் ஒரு போட்டி. விடியற்காலை மூன்று மணியளவில் போய் இறங்கினார். ஏழரை மணிக்கு எடை பார்க்க வேண்டும். எடையோ 48 கிலோவுக்கு மேல் இரண்டு கிலோ கூடுதல். உறங்காமல் ஒரு மணி நேரம் கயிறு தாண்டி எடையைக் குறைத்தார். அப்போட்டியில் தங்கமும் வென்றார். (பிள்ளைகள் கவனிக்க: பல ஆண்டுப் பயிற்சி உள்ளவர் செய்தது இது. நீங்கள் பட்டினி கிடந்தோ தண்ணீர் குடிக்காமலோ எடை குறைக்க முயலக் கூடாது.) நவம்பர் 24-ஆம் நாள் புதுடில்லியில் உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை 5-0 என வென்று ஆறாவது உலகத் தங்கத்தைப் பெற்றபோது மேடையிலேயே கண்ணீர் விட்டு அழுதார்.

இளையவர் கேட்ட இடம்

பெரியோரின் வாழ்க்கையைப் படிக்கும்போது சறுக்கிய இடத்தையும் படிக்க வேண்டும். அப்போதுதான் பாடம் முழுமை பெறும்.

2019-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு 51 கிலோவில் யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது. தேர்வுப் போட்டி வைக்காமலேயே மேரி கோமை அனுப்பலாம் என்ற பேச்சு வந்தது. தெலங்கானாவின் நிசாமாபாத்தைச் சேர்ந்த நிகத் சரீன் என்ற இளம் வீராங்கனை, எல்லாருக்கும் பொதுவான தேர்வு வேண்டும் என்று விளையாட்டுத் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். டிசம்பரில் தேர்வு நடந்தது. மேரி 9-1 என்று தெளிவாக வென்றார். ஆனால் முடிவில் நிகத்துடன் கை குலுக்க மறுத்துவிட்டார். மரியாதை வேண்டுபவர் முதலில் மரியாதை தர வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

வாழ்நாள் முழுவதும் இடம் கேட்டுப் போராடியவர், இன்னொரு பெண் வந்து இடம் கேட்டபோது முகம் சுளித்தார். வெற்றி பெற்றவர்களுக்கு இது எளிதில் நேரக்கூடிய பிழை. நாம் சிரமப்பட்டு ஏறிய ஏணியைப் பின்னால் வருபவர் எளிதாகக் கேட்பது போலத் தோன்றும். நிகத் சரீன் 2022-இல் இஸ்தான்புல்லிலும் 2023-இல் புதுடில்லியிலும் உலகத் தங்கம் வென்றார். அவர் கேட்ட இடம் அவருக்கு உரியதே என்பதைக் காலம் காட்டிற்று. மேரி கோம் இம்பாலில் பயிற்சி மையம் அமைத்து ஏழைப் பிள்ளைகளை உருவாக்கியதும் உண்மை. இரண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் நடந்தவை.

டோக்கியோவும் அதற்குப் பின்னும்

பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தொடக்க விழாவில் ஹாக்கி அணித் தலைவர் மன்பிரீத் சிங்குடன் தேசியக் கொடி ஏந்திச் சென்றார் மேரி. வயது 38. டொமினிக்கன் குடியரசின் மிகுலினா ஹெர்னாண்டஸை வென்று, அடுத்த போட்டியில் கொலம்பியாவின் இங்கிரித் வலென்சியாவிடம் 3-2 என்ற நடுவர் தீர்ப்பில் தோற்றார். மூன்று சுற்றுகளில் பின்னிரண்டில் அவர் கையே ஓங்கியிருந்தது. முதல் சுற்றில் இழந்ததை ஈடுகட்ட முடியவில்லை. அதே ஒலிம்பிக்கில் அஸ்ஸாமின் லவ்லினா போர்கோஹெய்ன் வெண்கலம் வென்றார். மேரி திறந்த வாசல் வழியே அடுத்தவர் நுழைந்துவிட்டார்.

2022-இல் காமன்வெல்த் தேர்வுப் போட்டியில் முழங்காலில் காயம். சர்வதேசப் போட்டிகளில் நாற்பது வயதுக்கு மேல் அனுமதி இல்லை என்பது விதி. அந்த ஆண்டு நவம்பரில் அவருக்கு நாற்பது நிறைந்தது. 2003-இல் அர்ஜுனா, 2009-இல் கேல் ரத்னா. 2006-இல் பத்மஸ்ரீ, 2013-இல் பத்மபூஷண், 2020-இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகள் அவரைத் தேடி வந்தன. 2016 முதல் 2022 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார்.

நாம் கற்க வேண்டியவை

ஒன்று: பெண் குழந்தைக்கு விளையாட்டில் இடம் தரும் முதல் வாசல் வீடு. பத்தாம் வகுப்பு வந்தவுடன் பயிற்சியை நிறுத்தும் வழக்கத்தை நாம் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப் போவதில்லை. ஆனால் விழுந்து எழுந்த பிள்ளைக்கு வாழ்க்கையில் விழும் அடியும் தாங்கும்.

இரண்டு: விதி நமக்குப் பொருந்தவில்லை என்று ஒதுங்கிப் போவதற்கும், பொருந்தாத விதிக்குள்ளும் புகுந்து வென்று காட்டுவதற்கும் இடையே நீண்ட உழைப்பு இருக்கிறது.

மூன்று: வெளியூரிலிருந்து வந்தவரின் தவிப்பு நமக்குத் தெரியும். நம் தெருவில் வடகிழக்குப் பிள்ளைகள் வாடகைக்கு வீடு கேட்டு வரும்போது, அவர்கள் முகத்தையும் உணவையும் சொல்லிக் கதவை அடைக்காதிருப்பது நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை.

நான்கு: இடம் பெற்றவர், இடம் கேட்டு வருபவரை நினைக்க வேண்டும்.

சொற்பொருள்

எடைப்பிரிவு – ஒத்த உடல் எடை உள்ளவர்கள் மட்டும் மோதும் பகுப்பு
சுற்று – இடைவேளைக்கு முன் தொடர்ந்து மோதும் கால அளவு. டோக்கியோவில் மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்றுகள்
கையுறை – குத்தும்போது அணியும் திண்டு வைத்த உறை
நடுவர் – மேடையில் நின்று போட்டியை நடத்துபவர். மேடையைச் சுற்றி அமர்ந்து புள்ளி இடுவோரும் நடுவர்களே
ஆள்வினை – விடாமுயற்சி
அடைக்கலம் – ஆபத்தில் இருப்பவருக்குத் தரும் பாதுகாப்பு
வதந்தி – உண்மையா என்று அறியாமல் பரப்பப்படும் செய்தி

வினாக்கள்

1. மேரி கோம் குத்துச்சண்டை பழகியது தந்தையாருக்கு எவ்வாறு தெரிய வந்தது?
2. அவர் முதல் தேசியத் தங்கம் வென்றது எந்த நகரில், எந்த ஆண்டில்?
3. 2012 ஒலிம்பிக்குக்காக அவர் ஏன் எடை ஏற்ற வேண்டியிருந்தது?
4. அரையிறுதியில் தோற்ற மேரிக்கு வெண்கலம் கிடைத்தது எப்படி?
5. நிகத் சரீன் கேட்டது நியாயமா? கை குலுக்க மறுத்தது சரியா? காரணம் காட்டி ஐந்து வரிகளில் எழுதுக.
6. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுக: நம் குடும்பம் பெங்களூருக்கு வந்த புதிதில் முதலில் உதவியவர் யார்? என்ன உதவி செய்தார்?